வெந்தயம் மருந்தில்லை என்று சொன்னவர்

1

சென்ற வாரம் பக்கத்து வீட்டுக் கமலம் ஒரு தகர டப்பாவுடன் வந்தாள். நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்திறங்கிய சரக்காம். மூடியின்மேல் ஒரு மலை, மலையடியில் தாடி வைத்த சாமியார், அவர் காலடியில் ஒரு புலி. ‘கொல்லிமலைச் சர்க்கரை சங்காரச் சூரணம்’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. ஊசி வேண்டாம், பத்தியம் வேண்டாம் என்று அதற்குக் கீழே.

“ஒங்க ஊரு மருந்துதானேக்கா. படிச்சுப் பாத்துச் சொல்லுங்க. அண்ணனுக்கும் ஒண்ணு வாங்கிடலாம்,” என்றாள். கமலத்தின் கணவர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர். என் வீட்டுக்காரரைப் போலவே அவரும் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறார்.

நான் பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் கொல்லிமலையின் அடிவாரத்தில், புளியஞ்சோலைப் பக்கம். மலைமேல் கேழ்வரகும் சாமையும் விளையும். மிளகும் மலைவாழையும் மரவள்ளிக் கிழங்கும் விளையும். அங்கே இருப்பவர்களுக்குப் பெரிய காய்ச்சல் வந்தால் தூளி கட்டிக் கீழே துறையூருக்குத்தான் தூக்கி வருவார்கள். ஆனால் கடல் தாண்டி இந்த மலாயாவுக்கு வந்து கொல்லிமலை என்று சொன்னால் போதும், கேட்பவர்கள் கண் விரிகிறது. எனக்கு ஏதோ மந்திரம் தெரியும் என்று எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். புலிமேல் கால் வைத்து உட்கார்ந்த சாமியார் யாரையும் நான் பார்த்ததில்லை.

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எங்கும் எழுதவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தேன். வறுத்த வெந்தயம். வேறு ஏதோவும் கலந்திருந்தது, ஆனால் முக்கால்வாசி வெந்தயம்தான்.

“கமலம், ஊசி போட்டுக்கறவரு இதத் தொட வேண்டாம். டாக்டர்கிட்டக் காட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்,” என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. “வெந்தயம் என்னக்கா பண்ணிடப் போவுது? நாம தெனமும் கொழம்புல போடறதுதானே. ஒங்களுக்கு எல்லாத்து மேலயும் சந்தேகம்.”

சந்தேகம்தான். அது எனக்கு எங்கே பிடித்தது என்பது வாசலில் நின்று சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை. ஆகையால் உங்களுக்கு எழுதுகிறேன். இதைப் படிக்கிற உங்களில் நீரிழிவுக்காரர்கள் சிலர் இருக்கலாம். அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்கள் அதைவிட அதிகம் இருப்பீர்கள்.

2

என் வீட்டுக்காரர் முன்பு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்தார். இப்போது நகரத்தில் ஒரு சாமான் கிடங்கில் எழுத்து வேலை. அவருக்கு நோய் இன்னதென்று தெரிந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்க்கார நர்ஸ் என்னைப் பார்த்து, “கெஞ்சிங் மானிஸ்” என்றாள். எனக்கு அப்போது மலாய் அரைகுறை. யாரிடம் கெஞ்சச் சொல்கிறாள் என்று விளங்காமல் அவளையே கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் திகைத்துப்போய்த் தானும் கும்பிட்டாள். ‘இனிக்கும் சிறுநீர்’ என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

டாக்டர் வெள்ளைக்காரர். அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல, டிரஸ்ஸர் என்கிற ஆஸ்பத்திரி உதவியாளர் ஒருவர் நிற்பார். போகும்போதெல்லாம் கேட்கிற கேள்விகளில் ஒன்று, “வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்பது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும், “இல்லீங்க,” என்பார். டிரஸ்ஸர் அதை இங்கிலீஷில் சொல்வார். டாக்டர் எழுதிக்கொள்வார்.

நோய் தெரிந்த நாள் முதல் எங்கள் வீட்டில் விடிவது ஸ்பிரிட் விளக்கின் வாசனையோடுதான். ஆஸ்பத்திரியில் ஒரு நீலத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. பிறகு இன்சுலின் ஊசி. ஊசிக் குழலில் கோட்டைப் பார்த்து மருந்தை இழுப்பது எங்கள் மகள் சரோஜா. அவள் கன்னிமாடப் பள்ளியில் படிக்கிறாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்கு அத்துப்படி. தமிழில் ‘சிறுநீர்’ என்று சொல்லத்தான் வெட்கம்.

ஊசியால் அவர் பிழைத்துக்கொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எலும்பும் தோலுமாக இருந்தவர் மறுபடி சட்டையை நிரப்பினார். ஆனால் ஊசி அவருக்குப் பிடிக்கவே இல்லை. “ஆயுசுக்கும் குத்திக்கிட்டேவா கெடக்கறது?” என்பார். நான் கையைப் பிடித்து இழுக்க வேண்டும்.

3

நீண்ட விடுப்பு கிடைத்தபோது ஊருக்குப் போனோம். சரோஜா வரவில்லை. “உங்க ஊர்ல அட்டை கடிக்கும்லா,” என்று சொல்லிவிட்டுக் கமலம் வீட்டில் தங்கிக்கொண்டாள். ‘நம்ம ஊர்’ எப்போது ‘உங்க ஊர்’ ஆனது என்று கப்பலில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

கரையிறங்கிய இடத்தில் பெட்டியைச் சோதித்த அதிகாரி, ஊசிக் குழலும் சின்னச் சின்னச் சீசாக்களும் இருந்த தகரப் பெட்டியை எடுத்து, “என்ன இது?” என்றார்.

“மருந்துங்க,” என்றேன்.

“என்ன மருந்து? வெடிக்கிற மருந்தா, மயக்கற மருந்தா?”

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். டாக்டர் கொடுத்த இங்கிலீஷ் சீட்டைக் காட்டினேன். சீட்டைப் படித்துவிட்டும் நம்பாமல், என் வீட்டுக்காரரைச் சட்டையைத் தூக்கச் சொல்லி, வயிற்றிலும் தொடையிலும் ஊசித் தழும்புகளைப் பார்த்த பிறகுதான் விட்டார். சுற்றி நின்ற கூட்டமும் பார்த்தது. என் வீட்டுக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தை விட்டு வேகமாக நடந்தார்.

ஊரில் இந்த வேடிக்கை பார்ப்பது இன்னும் மோசமாயிற்று. எங்கள் பூர்வீக வீட்டில் என் வீட்டுக்காரரின் அக்கா பாவாயி இருக்கிறார். எனக்கு நங்கையா முறை. புருஷன் போன பிறகு பிறந்த வீட்டு நிலத்தைத் தானே நின்று உழுது பார்க்கிறவர். தம்பி என்றால் உயிர். மறுநாள் காலை நான் ஊசியை எடுத்தபோது, பார்க்க வந்த சனம் வாசல் வரை நின்றது. ‘பொண்டாட்டி புருசனக் குத்தறா’ என்று ஒரு கிழவர் வெளியே போய்ச் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

பாவாயி நங்கையா அன்று முழுக்க என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் கேட்டேவிட்டார். “ஏன் அம்மிணி, அந்தச் சீசாவுக்குள்ள என்ன இருக்குதுன்னு நீ பாத்திருக்கறயா?”

“டாக்டர் குடுத்ததுங்க நங்கையா.”

“டாக்டரு குடுத்தாரு. உள்ள என்ன இருக்குதுன்னு கேட்டேன்.”

மிருகங்களின் உடம்பிலிருந்து எடுக்கிறார்கள் என்று டிரஸ்ஸர் சொல்லியிருந்தார். அதை அந்த வீட்டில் சொல்ல முடியுமா? சீசாக்களை ஈர மணல் போட்ட பானைக்குள் வைத்து மூடினேன். நான் நகர்ந்ததும் நங்கையா மூடியைத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது.

4

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒருநாள் காலை, வெயில் ஏறுகிற நேரத்தில், வரப்பில் நடந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. “என்னாச்சுங்க?” என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார். பனைவெல்லத்தைக் கரைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார்.

ஊசி போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாவிட்டால் இப்படி வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். வெயிலில் நடந்தது சேரவில்லை என்று நினைத்தேன். ஆனால் அடுத்தடுத்து வந்தது. காலையில் வேண்டிய மட்டும் சாப்பிடுகிறவர், “வவுறு நெறஞ்சாப்பல இருக்குது புள்ள,” என்று பாதித் தட்டில் எழுந்தார். வயிறு வேறு இளகிப் போயிற்று. விடிந்ததும் விடியாததுமாக ஓடைப் பக்கம் போகிறவர் வெகுநேரம் கழித்துத்தான் திரும்புவார்.

எனக்கு முதல் சந்தேகம் இன்சுலின்மேல். உஷ்ணத்தில் கெட்டிருக்குமோ என்று பார்த்தேன். கெட்டிருந்தால் சர்க்கரை ஏறியிருக்க வேண்டும். நீலத் தண்ணீரைக் காய்ச்சினால் அது நீலமாகவே நின்றது. மறுநாளும் நீலம். மலாயாவில் ஒருநாளாவது பச்சை தட்டாமல் இருந்ததில்லை. அளவு அதே அளவு, கோடு அதே கோடு. ஊசி தவிர வேறு ஏதோ ஒன்று உள்ளே போய்ச் சர்க்கரையை இறக்குகிறது. அது மட்டும் எனக்குத் தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

இன்னொன்று, அவர் சட்டையில் ஒரு வாசனை. வியர்வை நாற்றம் இல்லை. பாகு காய்ச்சினால் அடி பிடிக்கிற சமயத்தில் வருமே, அந்த மாதிரி இனிப்பும் கசப்புமாக. ஓடையில் துவைத்தாலும் போகவில்லை. பாவாயி நங்கையாவும் அதைக் கண்டுபிடித்துவிட்டார். சட்டையை முகர்ந்து பார்த்து என் பக்கம் நீட்டினார்.

“அம்மிணி, உன்ற மேல மொதல்ல சந்தேகப்பட்டேன். மனசுல வெச்சுக்காத. இது ஊசி நாத்தமில்ல. எந்தம்பிக்கு யாரோ மருந்து வெச்சிருக்கறாங்க.”

நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற பொருளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆளை மயக்க, வசப்படுத்த, தீர்த்துக்கட்டச் சோற்றில் கலப்பது. “யாருங்க வெப்பாங்க?” என்றேன்.

நங்கையா மலையைப் பார்த்தார். “அந்த வெள்ளையம்மா வந்துட்டுப் போனதுக்கப்புறந்தான் இது.”

5

வெள்ளையம்மா மேலே எடப்புளி நாட்டுக்காரர்; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். அவர்கள் குடும்பத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் தலைமுறைப் பழக்கம். அவர்கள் மிளகும் தேனும் பழமும் கொண்டுவருவார்கள், இங்கிருந்து உப்பும் துணியும் போகும். நாங்கள் வந்திருப்பது கேட்டு ஒரு தார் மலைவாழையோடும் ஒரு சுரைக்குடுக்கைத் தேனோடும் இறங்கி வந்தார். தன் மகன் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டுவிட்டுப் போனார். நிமிர்ந்து நடக்கிற, அதிகம் பேசாத மனுஷி. எனக்குப் பிடித்திருந்தது.

நங்கையா அன்று சொன்ன பிறகு பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் வாலிபத்தில், கப்பல் ஏறுவதற்கு முன், மிளகு பறிப்புக்காக வெள்ளையம்மாவின் அப்பா வீட்டில் மாதக்கணக்கில் தங்கியிருந்தாராம். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, வெள்ளையம்மாவுக்கும் ஆகவில்லை. ஊர் ஏதோ பேசிற்றாம். இத்தனை வருஷத்தில் இது என் காதுக்கு வந்ததே இல்லை.

அதன்பின் அவர் ஓடைக்குப் போய் வருகிற நேரத்தையெல்லாம் நான் கவனிக்க ஆரம்பித்தேன். ஓடையைத் தாண்டினால் மலைப் பாதை. ஒருநாள் பின்னாலேயே போனேன். நாணல் மறைவில் முதுகைக் காட்டிக்கொண்டு, தனியாக உட்கார்ந்திருந்தார். குனிந்து இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடித்தார், குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஓடைத் தண்ணீருக்கு யார் முகம் சுளிப்பார்கள்? என் காலடிச் சத்தம் கேட்டதும் வேட்டி மடியை அவசரமாகச் செருகிக்கொண்டு எழுந்தார்.

“வவுறு சரியில்ல புள்ள. வாரேன், போ.”

கேட்டிருக்கலாம். எதைக் கேட்பது? பெண்ணைப் பற்றியா, மருந்தைப் பற்றியா? வந்த வழியே வீட்டுக்கு நடந்தேன்.

6

கல்யாணத்துக்குப் போக வேண்டாம் என்றார் நங்கையா. என் வீட்டுக்காரர் போயே தீருவேன் என்றார். முடிவில் மூன்று பேருமே போனோம். நங்கையா கட்டுச்சோற்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரே ஒரு பேச்சுதான் சொன்னார். “அங்க பச்சத்தண்ணி கூட அவன் வாயில படக்கூடாது. நீ பாத்துக்க.”

ஊசி போட்டாயிற்று. காலையில் ரெண்டு வாய் தின்றதோடு சரி. பாதை செங்குத்து. புளியஞ்சோலை ஓடையை விட்டு மேலே ஏற ஏற அவர் பேச்சுக் குறைந்தது. வழியில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னதற்கு, “மேல போயிப் பாத்துக்கலாம்,” என்றார். எடப்புளி நாட்டில் வெள்ளையம்மா வீட்டுப் பந்தலைப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில்.

பந்தியில் உட்கார வைத்தார்கள். வெள்ளையம்மாவே சாமைச் சோற்றுக் கூடையோடு வந்தார். அவர் குனிந்த சமயம் பாவாயி நங்கையா தம்பியின் முன்னால் இருந்த இலையை எடுத்து மடித்துவிட்டார்.

“எந்தம்பிக்கு வவுறு சரியில்லீங்க. நாங்க கட்டுச்சோறு கொண்டாந்திருக்கறோம்.”

கல்யாண வீட்டில் மூட்டையை அவிழ்ப்பதா? வரிசையில் இருந்தவர்கள் சோற்றிலிருந்து கையை எடுத்தார்கள். வெள்ளையம்மா கூடையோடு நின்றார். என்னைப் பார்த்தார். நான் குனிந்து மூட்டையின் முடிச்சைத் தேடினேன். எனக்கும் அந்தச் சோற்றின்மேல் சந்தேகம் இருந்தது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார். சொல் குழறிற்று. கண் மேலே செருக, பக்கவாட்டில் சாய்ந்தார். உடம்பெல்லாம் தண்ணீர். கூப்பிட்டால் பதில் இல்லை.

பாவாயி நங்கையா மாரில் அடித்துக்கொண்டு எழுந்தார். “வெச்சுட்டாளே. எந்தம்பிக்கு மருந்து வெச்சுட்டாளே.”

பந்தலில் இருந்த ஆண்கள் எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மாலையைக் கழற்றி வீசினான். வெள்ளையம்மா மட்டும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“ஏனுங்க, அவரு எங்கூட்டுல ஒரு பருக்கையாச்சும் தின்னாரா? நீங்கதானே எலைய மடிச்சீங்க?”

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. தின்னவில்லை. காலையில் தின்ற ரெண்டு வாய்க்குப் பிறகு ஒன்றுமே தின்னவில்லை. ஊசி மட்டும் போட்டிருக்கிறது.

“தேன்,” என்றேன். “தேனிருந்தாக் குடுங்க. சீக்கிரம்.”

வெள்ளையம்மா உள்ளே போய்க் குடுக்கையைக் கொண்டுவந்தார். ஆனால் என் கையில் தரவில்லை. எல்லாரும் பார்க்க விரலை விட்டு எடுத்துத் தான் நக்கினார். மகனைக் கூப்பிட்டு அவன் வாயிலும் வைத்தார். கல்யாணப் பெண்ணின் வாயிலும் வைத்தார். பிறகுதான் குடுக்கையை நீட்டினார். என் பொறுமை போயிற்று என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் செய்தது சரி.

மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் தேனைத் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தேய்த்தேன். ஈறில் தேய்த்தேன். மறுபடி தொட்டேன், மறுபடி தேய்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் நாக்கு அசைந்தது. பிறகு கண் திறந்து, “என்ன புள்ள, அழுவற?” என்றார்.

காற்றுக்காக வேட்டியைத் தளர்த்தியபோது மடியிலிருந்து ஒரு துணி முடிச்சு விழுந்தது. அவிழ்த்தால் மஞ்சள் நிறத்தில் ஏதோ பொடி. “அதான் மருந்து. நெருப்புல போடுங்க,” என்றார் நங்கையா. நான் முகர்ந்தேன். சட்டையில் இருந்த அதே வாசனை. ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தேன்.

வெந்தயம்.

7

துறையூர்ச் சந்தையில் ஒரு வைத்தியர் இவரிடம் சொன்னாராம். வெறும் வயிற்றில் ஒரு கைப்பிடி வெந்தயப் பொடியைத் தண்ணீர் விட்டு விழுங்கு, வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போ, ஒரு மண்டலத்தில் ஊசியை ஓடையில் எறியலாம் என்று. ஊசி போட்டுக்கொள்கிற விஷயத்தை இவர் அவரிடம் சொல்லவில்லை. வெந்தயம் விழுங்குகிற விஷயத்தை என்னிடம் சொல்லவில்லை.

“சுங்கத்துல சட்டையத் தூக்கிக் காட்டினேனே, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்,” என்றார். “எல்லாரும் பாக்கறாங்க புள்ள. நல்லாயிட்டு அப்புறமாச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“என்கிட்ட மறைச்சது சரி. டாக்டரு நம்மகிட்ட எத்தன தடவ கேட்டாரு, வேற மருந்து எடுக்கறீங்களான்னு?”

“வெந்தயம் மருந்தா? சாப்பாட்டுச் சாமான்தானே?” என்றார். அவர் சாமர்த்தியமாகப் பேசவில்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் பட்டிருக்கிறது.

வெள்ளையம்மாவின் அப்பா வீட்டில் தங்கியிருந்த கதையையும் கேட்டுவிட்டேன். “அவங்கப்பாரு மொளகுக் கொடி ஏத்தச் சொல்லிக் குடுத்தாரு. வேறென்ன?” என்றார். இந்தப் பதிலை எவ்வளவு நம்புவது என்று இன்றுவரை நான் முடிவு செய்யவில்லை. ஆனால் அதற்கும் அவர் மயங்கி விழுந்ததற்கும் சம்பந்தமில்லை.

மறுநாள் இறங்குவதற்கு முன் வெள்ளையம்மாவிடம் போனேன். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். “அக்கா, எங்க நங்கையா பேசினதுக்கு...” என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“உங்கூட்டுக்காரருக்கு வந்தது தேனுல தீந்துபோச்சுங்க. எம்பேருக்கு வந்தது எதுல தீரும்னு அந்த டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க.”

அவர் பயந்தபடியே ஆயிற்று. நாங்கள் கீழே இறங்குவதற்கு முன்பே பேச்சு இறங்கிவிட்டது. வெந்தயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ‘மலைக்காரி மருந்து வெச்சா, தேனக் குடுத்து அவளே எடுத்தா’ என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு. நாங்கள் கப்பலேறுவதற்குள் வந்த சந்தைகளில் அவர் கூடைப்பக்கம் ஒருவரும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். புறப்படும்போது பாவாயி நங்கையாவிடம், “நங்கையா, நீங்க சொன்னத நீங்கதானுங்க போயி மாத்தோணும். நாஞ் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க,” என்றேன். அவர் தம்பியின் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டியதைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

8

மலாயாவுக்குத் திரும்பிய வாரமே டாக்டரிடம் போனோம். சரோஜாவையும் கூட்டிப் போனேன். “வேற மருந்து ஏதாவது?” என்று டிரஸ்ஸர் கேட்டார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வெந்தயம்,” என்றார். டிரஸ்ஸருக்கு அதற்கு இங்கிலீஷ் தெரியவில்லை. சரோஜாவைப் பார்த்தேன். இத்தனை இங்கிலீஷ் படிக்கிறவளுக்கும் தெரியவில்லை. சமையலறைச் சாமான் எதற்குமே அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அன்றுதான் கண்டேன். முடிவில் வாசலில் நின்ற மலாய்க்கார நர்ஸ்தான், நான் கொண்டுபோன பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, “ஹல்பா” என்றாள். டாக்டர் இந்த நாட்டில் பல வருஷம் இருந்தவர். அவருக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது.

நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கோபப்படவில்லை. வெந்தயம் சர்க்கரையை எவ்வளவு இறக்கும் என்று தான் எங்கும் படித்ததில்லை, இல்லை என்று சொல்லவும் மாட்டேன், நீலத் தண்ணீர் பொய் சொல்லாது என்றார். குழம்பில் போடுகிற வெந்தயத்தை விட வேண்டியதில்லை. ஆனால் மருந்தாக நினைத்துக் கைப்பிடி கைப்பிடியாக விழுங்குவது வேறு. ஊசியும் சர்க்கரையை இறக்கும், அதுவும் இறக்கும். இரண்டும் சேர்ந்து இறக்கினால் ஆள் எங்கே போய் நிற்பான் என்று யாருக்கும் தெரியாது. சாப்பிட ஆசையிருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள், பார்த்துக்கொண்டே செய்யலாம், நீங்களாகவே ஊசியைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது என்றார். மலை ஏறினாலும் பந்தியில் உட்கார்ந்தாலும் பையில் ஒரு வெல்லக்கட்டி இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கமலத்தின் மூத்த மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். அவளுக்காகவும் கேட்டேன். சமையலில் சேர்வது போதும், வயிற்றில் குழந்தை இருக்கும்போது வெந்தயத்தை மருந்தளவுக்கு விழுங்க வேண்டாம், கர்ப்பப்பையைக் கிளறிவிடக்கூடும் என்ற பயம் உண்டு என்றார். பிள்ளை பெற்ற பிறகு பால் ஊற நம் பெண்கள் சாப்பிடுவதைப் பற்றிக் கேட்டதற்கு, அதையும் பிரசவம் பார்க்கிறவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும் என்றார். வழவழவென்று ஊறுகிற பொருளானதால் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கக்கூடாது, வயிறு இளகினாலும் உடம்பில் தடிப்பு வந்தாலும் நிறுத்திவிட வேண்டும் என்றார். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. உங்கள் ஊர் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். என்னை மட்டும் நம்ப வேண்டாம்.

நான் இன்னும் அவர் சட்டையை முகர்ந்துதான் மடிக்கிறேன். அது அவருக்குத் தெரியும்.

9

போன மாதம் துறையூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் இங்கே தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டார். ஊர்ச் சங்கதி எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில், “உங்க நங்கையா பண்ணினது தெரியுமுங்களா?” என்றார்.

சந்தை நிறையக் கூட்டமாம். வெள்ளையம்மா வழக்கம்போலத் தன் வாழைக் கூடையோடு ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாராம். பாவாயி நங்கையா நேரே போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாராம். கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்து, சந்தையைப் பார்த்துக்கொண்டு மென்று தின்றாராம். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்களாம். தின்று முடித்துத் தோலைப் போட்டுவிட்டு எழுந்திருக்கப் போனபோதுதான் வெள்ளையம்மா வாயைத் திறந்தாராம்.

“இன்னொண்ணு தின்னுட்டுப் போங்க. அந்தக் கடசீல இருக்கறவங்க பாக்கல.”

நங்கையா மறுபடி உட்கார்ந்து, இன்னொரு பழத்தை உரித்தாராம்.